இடுப்பிலிருந்த ஒற்றை வளையம்: லீனிங் டவர், 2006

2006 அக்டோபர் 23. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், பிரைடல்வெயில் அருவிக்குப் பக்கத்தில் நிற்கிறது லீனிங் டவர். பெயருக்கேற்றபடி வெளிப்பக்கமாகச் சாய்ந்த சுவர். அதில் டாட் ஸ்கின்னரும் ஜிம் ஹியூவெட்டும் சில நாட்களாக ஒரு பாறையேற்ற வழியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றைய வேலையை முடித்துக் கயிற்றில் இறங்கும்போது ஸ்கின்னர் கயிற்றிலிருந்து பிரிந்து விழுந்தார். சுமார் 500 அடி. வயது 47.

கயிறு அறவில்லை. ஆங்கர், அதாவது பாறையில் கயிற்றைக் கட்டியிருந்த பிடிப்பிடம், பிடுங்கிக்கொண்டு வரவில்லை. இறங்கும் கருவியும் அதை மாட்டியிருந்த பூட்டுக் காராபினரும் (திறந்து மூடும் உலோக வளையம்) கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அறுந்தது அந்தக் காராபினருக்கும் மனிதனுக்கும் நடுவே இருந்த ஒரே ஒரு நாடா வளையம்: ஹார்னஸின், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையின், முன்பக்கத்தில் இருக்கும் பிலே லூப். மறுநாள் தேடியவர்களுக்கு அது சுவரின் அடியில், செடிகளுக்கு நடுவே கிடைத்தது. மிக மோசமாகத் தேய்ந்திருந்தது.

ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா), ஆங்கர் பற்றி எழுத வந்தவன் ஹார்னஸ் விபத்தில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்கலாம். அந்த வளையம் அப்படித் தேய்ந்த கதையில் ஸ்லிங்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது மட்டுமில்லை. ஆங்கரில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் போடும் நாம், அந்த இரட்டிப்பு எந்த இடத்தில் முடிந்துபோகிறது என்று பார்ப்பதில்லை. அதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற புதியவர்கள் "கவனமில்லாத யாரோ" என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கின்னர் வயோமிங்காரர். 1988-இல் பால் பியானாவுடன் சேர்ந்து எல் கேப்பிட்டன் சுவரின் சலாத்தே வழியைக் கையாலும் காலாலும் மட்டுமே ஏறி முடித்தவர். கயிறும் கருவிகளும் விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும். அவற்றில் தொங்கி ஏறக்கூடாது என்பது அந்த ஆட்டத்தின் விதி. 1961-இல் ராயல் ராபின்ஸ், டாம் ஃபிராஸ்ட், சக் பிராட் ஆகியோர் முதலில் ஏறிய அந்த வழியை இப்படியும் ஏறலாம் என்று 80-களில் பலரும் நம்பவில்லை. 1995-இல் பாகிஸ்தானின் கரகோரம் மலையில், 6000 மீட்டருக்கு மேல் நிற்கும் டிராங்கோ கோபுரத்தில் நண்பர்களோடு 60 நாட்கள் சுவரிலேயே தங்கி ஏறினார். கயிற்றோடு வாழ்ந்தவர் என்றே சொல்லலாம்.

சலாத்தே ஏற்றத்தின் கடைசியில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலே வந்து சேர்ந்தாயிற்று. உச்சி விளிம்பில் ஒரு பெரிய பாறைத்துண்டு. முன்னால் வந்த குழுக்கள் பலவும் அதில்தான் கயிறு கட்டியிருந்தார்கள். இவர்களும் கட்டினார்கள். அந்தத் துண்டு பெயர்ந்து சரிந்தது. பியானாவுக்குக் கால் முறிந்தது, ஸ்கின்னருக்கு விலா எலும்புகள். பாறை போகிற போக்கில் கயிறுகளையும் வெட்டிவிட்டுப் போனது. ஆனால் எல்லா இணைப்பும் போய்விடவில்லை. மிஞ்சியது பிடித்தது, இருவரும் பிழைத்தார்கள்.

எல்லோரும் கட்டினார்கள், எதுவும் ஆகவில்லை என்பது ஆங்கர் உலகத்தில் சான்றாகாது. முதல் நூறு பேர் கட்டியபோது தாங்கியதும், நூற்றியோராவது ஆள் கட்டியபோது பெயர்ந்ததும் ஒரே பாறைதான். அதனால்தான் மரபுவழி ஏற்றத்தில், அதாவது பாதுகாப்புக் கருவிகளை நாமே பிளவுகளில் செருகி, பின்னால் வருபவர் கழற்றிக்கொண்டு வரும் முறையில், எந்த ஒற்றைப் பொருளையும் முழுதாக நம்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். கருங்கல் பிளவு ஒன்றில் மூன்று கருவிகளைச் செருகுகிறீர்கள். பிளவில் சிக்கிக்கொள்ளும் உலோகத் துண்டான நட்டோ, உள்ளே விரிந்து பிடிக்கும் கேமோ, எது பொருந்துகிறதோ அது. ஆறு மீட்டர் நீளமுள்ள, 7 மில்லிமீட்டர் நைலான் கயிற்று வளையத்தை மூன்றிலும் மாட்டி, நடுப்பகுதிகளைக் கீழே இழுத்து, சுமை வரப்போகிற திசையைப் பார்த்து ஒரே முடிச்சாகப் போடுகிறீர்கள். முடிச்சுக்குக் கீழே கிடைக்கும் வளையந்தான் உங்கள் வீடு. மூன்றில் ஒன்று பிடுங்கினாலும் மற்ற இரண்டும் குலுங்காமல் பிடிக்க வேண்டும். இரண்டே புள்ளிகள் என்றால் ஒரு 120 சென்டிமீட்டர் ஸ்லிங் போதும்.

கோணம்தான் இதில் பலரையும் ஏமாற்றும். முடிச்சிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் போகும் நாடாவின் இரண்டு கால்களுக்கு நடுவே 60 பாகை என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமையில் 58 சதவீதம் போகும். 90 பாகையில் 71. 120 பாகையில் ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமை. அதாவது இரண்டு புள்ளி போட்டும் ஒன்றில் தொங்குவதற்குச் சமம். இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே ஸ்லிங்கை இரண்டு புள்ளிகள் வழியாகவும் நுழைத்து முக்கோணமாகத் தொங்கவிடுவது. அமெரிக்காவில் இதற்கு மரண முக்கோணம் என்றே பெயர். மேலே கிடக்கும் பக்கம் இரண்டு புள்ளிகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுப்பதால், 60 பாகையிலேயே ஒவ்வொரு புள்ளிக்கும் 100 சதவீதம் வந்துவிடும், 90-இல் 131. பழைய ரேப்பல் இடங்களில், அதாவது கயிற்றில் இறங்கும் இடங்களில், வெயிலில் வெளுத்த நாடாக்கள் இப்படிக் கட்டிக் கிடப்பதை இன்றும் பார்க்கலாம்.

சரி, இவ்வளவும் மேலே. மூன்று கருவி, மூன்று கால், தனித்தனிக் காராபினர்கள். அதன் பிறகு கயிறு. அப்புறம் என்ன? மேலேயிருந்து கீழே ஒவ்வொரு கண்ணியாக எண்ணிக்கொண்டு வாருங்கள். மூன்று, மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. கயிறு ஒன்று, இறங்கும் கருவி ஒன்று, காராபினர் ஒன்று, பிலே லூப் ஒன்று. கயிற்றையும் காராபினரையும் நாம் அடிக்கடி கையில் எடுத்துப் பார்க்கிறோம். பிலே லூப் இடுப்புக்குக் கீழே, பை, கருவி, கயிறு எல்லாவற்றுக்கும் அடியில் மறைந்து கிடக்கும்.

முன்னேறிப் போகிறவர் விழும்போது பிலே லூப்புக்கு வேலையே இல்லை. கயிற்றின் முடிச்சு ஹார்னஸின் இரண்டு கட்டுமிடங்கள் வழியாகவும் நேரடியாகப் போகிறது. ஒன்று இடுப்புப் பட்டையில், இன்னொன்று தொடைப் பட்டைகளை இணைக்கும் இடத்தில். அறுபது அடி விழுந்து கயிறு பிடித்தாலும் லூப் சும்மா தொங்கும். ஒருவருக்குக் கயிறு பிடிக்கும்போதும் ரேப்பலில் இறங்கும்போதும்தான் எல்லாச் சுமையும் அதன் மேல் வரும். ரேப்பலில் இடுப்பில் கயிற்று முடிச்சும் இருக்காது. லூப் போனால் ஆள் போனான்.

இனி ஸ்லிங். பெருஞ்சுவரில் நிலையாகக் கட்டிய கயிறுகளில், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஜுமார் பிடிகளைக் கொண்டு மேலும் கீழும் போய்வருகிறவர்கள், தங்களோடு எப்போதும் ஒன்றிரண்டு நாடாக்களைக் கட்டியே வைத்திருப்பார்கள். ஆங்கருக்கு வந்ததும் டக்கென்று மாட்டிக்கொள்ள. அதைக் கட்டும் விதம் சுருக்கு: நாடா வளையத்தின் ஒரு முனையை லூப்புக்குள் நுழைத்து, மறுமுனையை அதற்குள் விட்டு இழுத்து இறுக்குவது. இரண்டு நொடி வேலை. கழற்ற வேண்டிய அவசியமும் வராது. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பிலே லூப் என்பது வட்டமாகச் சுழலக்கூடிய வளையம். சும்மா விட்டால், காராபினர் இன்று ஓரிடத்தில் உட்காரும், நாளை வேறிடத்தில். கீழே தொடைப் பட்டைகளை இணைக்கும் நாடா அதன் உள்பக்கத்தில் உராயும். அந்த உராய்வும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது அதில் இரண்டு ஸ்லிங்கைச் சுருக்குப் போட்டு இறுக்கிவிட்டால்? அந்தப் பருமன் லூப்பைச் சுழலவிடாது. தொடை நாடா ஒவ்வொரு அடிக்கும் அதே விரல்கடை அகலத்தில் தேய்க்கும். கயிற்றில் ஜுமார் போடும்போது உடம்பு எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து போகும். சாய்ந்த சுவரில் காலுக்குப் பாறையும் கிடைக்காது, முழு எடையும் இடுப்பில். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை ஒரே இடத்தில் தேய்ப்பு. ஸ்கின்னரின் லூப் ஒரே இடத்தில் அவ்வளவு மோசமாகத் தேய்ந்ததற்கு விசாரணைக்குப் பின் முன்வைக்கப்பட்ட விளக்கமும் இதுதான்.

தூளி கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உத்தரத்திலோ கொக்கியிலோ சேலை படும் இடம்தான் முதலில் நைந்துபோகும். அதனால்தான் பாட்டிமார் வாரம் ஒருமுறை தூளியை அவிழ்த்து, சேலையை ஒரு முழம் தள்ளிக் கட்டுவார்கள். குழந்தை படுக்கும் இடம் கிழிந்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு தேய்ந்திருந்தால் அறும் என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹார்னஸ் தரச்சோதனையில் இணைப்பு 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ எடை. ஆக, ஒன்றரை டன். ரேப்பலில் இறங்குகிற ஒருவர், பையோடும் கருவிகளோடும் சேர்த்தே, ஒரு கிலோநியூட்டனை ஒட்டித்தான் சுமை தருவார். குலுங்கினால் இரண்டு. அப்படியானால் அந்த லூப் தன் பலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட இழந்திருக்க வேண்டும். இது மறைந்திருந்த குறையாக இருந்திருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் சேதம்.

தெரியவும் செய்தது. இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது இந்தப் பகுதிதான். லூப் நைந்திருப்பதைச் சில நாட்களுக்கு முன்பே பார்த்ததாகவும், ஸ்கின்னருக்கும் அது கவலைப்பட வேண்டிய விஷயம் என்று தெரியும் என்றும் ஹியூவெட் பிறகு சொன்னார். புது ஹார்னஸ் வாங்கவும் ஏற்பாடு நடந்திருந்தது. அதாவது, கண்டுபிடித்தார்கள், பேசினார்கள், மாற்றவும் முடிவு செய்தார்கள். புதியது கைக்கு வரும்வரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஏற்பாடில்லை. ஒரு ஸ்லிங்கை எடுத்து இரண்டு கட்டுமிடங்கள் வழியாகவும் விட்டுக் கட்டியிருந்தால் இரண்டாவது லூப் கிடைத்திருக்கும். அந்தச் சுவரில் அவர்களிடம் ஸ்லிங்குக்குப் பஞ்சமா இருந்திருக்கும்? இதை நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பைக்கின் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெள்ளிக்கிழமை வரை ஓட்டாதவர் நம்மில் யார்?

சிலர் இந்த விபத்தைக் கேட்டதும் "அப்படியானால் ஸ்லிங்கே வேண்டாம்" என்று போய்விடுகிறார்கள். அது தப்பான முடிவு என்பது என் கருத்து. அதே ஸ்லிங்கை இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டியிருந்தால் கதை வேறு. பிலே லூப்பில் போடாமல், கயிற்று முடிச்சு போகும் அதே இரண்டு கட்டுமிடங்கள் வழியாகச் சுருக்குப் போடுங்கள். அந்த ஸ்லிங்கின் நடுவில் ஒரு முடிச்சிட்டு, அங்கே இறங்கும் கருவியை மாட்டுங்கள். கருவி நெஞ்சுக்கு எதிரே வந்துவிடும். அதற்குக் கீழே கயிற்றில் மெல்லிய கயிற்றுத்துண்டால் ஒரு பிடிமுடிச்சு. அதை மட்டும் பிலே லூப்பில் மாட்டுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். கருவியின் வழி ஸ்லிங்குக்கும் கட்டுமிடங்களுக்கும் போகிறது. பிடிமுடிச்சின் வழி பிலே லூப்புக்குப் போகிறது. லூப் அறுந்தாலும் ஸ்லிங்கில் நிற்பீர்கள். கை நழுவினாலும் பிடிமுடிச்சு கயிற்றைக் கவ்வும். இன்று ரேப்பல் கற்றுக்கொள்கிற பலரும் இப்படித்தான் கற்கிறார்கள். கருவி உயரத்தில் இருப்பதால் பிடிமுடிச்சு அதில் போய்ச் சிக்காது என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம். இரட்டை வழி என்ற லாபத்தைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை.

எந்த ஸ்லிங் என்பதும் கேள்விதான். கடையில் தொங்கும் பெரும்பாலான தைத்த ஸ்லிங்குகளில் 22 கிலோநியூட்டன் என்று அச்சிட்டிருக்கும். எண்ணைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பொருள் ஒன்றல்ல. நைலான் பருமனானது, கொஞ்சம் நீளும். டைனீமா மெல்லியது, இலேசானது, நீளவே நீளாது; உருகும் வெப்பமும் குறைவு, 145 பாகை செல்சியஸை ஒட்டி, நைலானுக்கு 200-க்கு மேல். வழுக்கும் பொருள் என்பதால் முடிச்சுப் போட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேல்ஸில் உள்ள டிஎம்எம் நிறுவனம் 80 கிலோ எடையை ஸ்லிங்கில் கட்டி விழவிட்டுப் பார்த்தது. முடிச்சிட்ட டைனீமா ஸ்லிங்குகள், தங்கள் நீளத்துக்குச் சமமான தூரம் விழுந்ததற்கே அறுந்தன. கயிற்றின் இழுவை இல்லாமல், ஸ்லிங் மட்டும் மாட்டிய நிலையில் ஆங்கருக்கு மேலே ஏறி நின்று நழுவினால் அதுதான் நடக்கும். மூன்றடி, நான்கடி விழுதல். உட்கார்ந்து தொங்கினால் யானையையும் தாங்கும் நாடா, ஒரு சின்ன உதறலில் போய்விடுகிறது. ஆங்கரில் ஸ்லிங் எப்போதும் விறைப்பாக இருக்கட்டும், அதற்கு மேலே ஏறாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

டெய்சி செயின் என்று இன்னொன்று உண்டு. பல சிறு பைகளாகத் தைத்த நீள நாடா. முனைக்கு முனை அது முழுப்பலம். ஆனால் ஒவ்வொரு பைக்கும் நடுவே உள்ள தையல் இரண்டு, மூன்று கிலோநியூட்டனில் பிரிந்துவிடும். நீளத்தைக் குறைப்பதற்காக அடுத்தடுத்த இரண்டு பைகளில் ஒரே காராபினரை மாட்டினால், தையல் பிரியும்போது காராபினர் நாடாவை விட்டே வெளியே வந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

பார்ப்பதற்குச் சரியாக இருந்து ஏமாற்றியதில் மிகக் கொடியது 2013-இல் பிரான்சின் ஓர்பியேரில் நடந்தது. இரு முனையிலும் காராபினர் கொண்ட குட்டை இணைப்பு நாடாக்கள் பலவற்றில், காராபினர் சுழலாமலிருக்கப் போடும் சின்ன ரப்பர் வளையத்தைத் தப்பாக மாட்டியிருந்தார்கள். காராபினர் நாடாவில் இல்லாமல் வெறும் ரப்பரில் மட்டும் நின்றது. 12 வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் அவற்றில் தொங்கியபோது அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கழல, அவன் விழுந்து இறந்தான். அந்த ரப்பர் துண்டு வெறும் வசதிக்கானது.

ஸ்கின்னரின் மரணத்துக்குப் பின் ஹார்னஸ் உலகில் சில மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நாடாக்களைப் பிலே லூப்பில் நிரந்தரமாகக் கட்டி வைக்காதீர்கள் என்ற அறிவுரையைப் பயிற்சியாளர்கள் இப்போது தவறாமல் சொல்கிறார்கள். சில ஹார்னஸ்களில் மேல்துணி தேய்ந்தால் உள்ளேயிருந்து வேறு நிற நூல் எட்டிப் பார்க்கும்படி நெய்கிறார்கள். இரண்டு பிலே லூப் வைத்துத் தைத்தவையும் உண்டு. நிற நூல் யோசனை நல்லதுதான். ஆனால் ஸ்கின்னர் விஷயத்தில் குறை தெரியாமல் போகவில்லையே. தெரிந்த குறையோடு இன்னும் ஒரு நாள் ஏறியதுதான் அங்கே நடந்தது. அதற்கு நூலின் நிறம் உதவாது.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுதான். நாளின் முடிவில் லூப்பில் எதுவும் மாட்டியிருக்காது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவேன். தொடை நாடா படும் இடத்தில் விரல் கொஞ்சம் நிற்கும். நல்ல லூப் முழுக்க ஒரே மாதிரி வழுவழுப்பாகப் போகும். தேய்ந்த இடம் பஞ்சுபோல் தட்டுப்படும். கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். பாறைத்தூள் உள்ளே போயிருந்தால் நறநறவென்று கேட்கும். அப்போது வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் காயவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆங்கரில் வெகுநாள் பயன்படுத்திய ஒரு சிவப்பு நைலான் நாடாவின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். இறுகிப்போயிருந்தது, திருப்புளி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. அவிழ்ந்ததும் முடிச்சுக்குள் இருந்த நான்கு விரற்கடை நாடா குங்குமச் சிவப்பாக, வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிய ரோஜா நிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை அது வெளுத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. நடுவே வெட்டி இரண்டு துண்டாக்கினேன். யாரும் எடுத்துப் பாறையில் கட்டிவிடக் கூடாது. அம்மா ஒரு துண்டை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்த் துணி காயப்போடும் கொடியை இழுத்துக் கட்டியிருக்கிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.